வட்டத்தை எங்கே வெட்டலாம் என்று எழுதி வையுங்கள்: டெபியன் பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் ஒரு பேக்கேஜையாவது (மென்பொருள் பொதியையாவது) பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் இந்த மடல். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப், அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் டெப்கான்ஃப் என்று நம் பக்கத்திலேயே இரண்டு டெபியன் கூட்டங்கள் நடந்தன. அதற்கு முன்பும் பின்பும் பேக்கேஜிங் கற்றுக்கொண்டு வந்த தமிழர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் தமிழிலேயே பேசிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் பேக்கேஜை விவரிக்கும் கன்ட்ரோல் ஃபைலில், அதை மூலநிரலிலிருந்து பில்ட் செய்ய என்னென்ன வேண்டும் என்று பில்ட்-டிபெண்ட்ஸ் என்ற ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் எது இல்லாவிட்டால் பில்ட் ஆகவே ஆகாது, எது இல்லாமலும் ஒரு முறை சமாளிக்கலாம் என்பதை அந்த ஃபைலிலேயே குறித்து வையுங்கள். சில பகுதிகளை விட்டுவிட்டு பில்ட் செய்ய உதவும் பில்ட் ப்ரொஃபைல் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. 2014-லிருந்தே டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜிக்கு அதைப் படிக்கத் தெரியும். ஆனாலும், குறித்திருக்க வேண்டிய பல பேக்கேஜ்களில் இன்னும் அந்தக் குறிப்பு இல்லை.

இதை நீங்கள் அலட்சியமாக விட்டிருக்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பேக்கேஜ்கள் பில்ட் ஆக ஒன்றையொன்று கேட்கும் வட்டச் சார்பு பெரும்பாலான நாட்களில் யார் கண்ணிலும் படாது. அ என்ற பேக்கேஜை பில்ட் செய்ய ஆ வேண்டும், ஆ-வை பில்ட் செய்ய அ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லேப்டாப்புக்கும் ஏஎம்டி64 (வழக்கமான 64 பிட் பிசி) பில்ட் சர்வருக்கும் நேற்றைய அ, பேக்கேஜ் கிடங்கான ஆர்க்கைவில் தயாராக இருக்கிறது. அதை இறக்கி ஆ-வை பில்ட் செய்து, அந்த ஆ-வை வைத்துப் புதிய அ-வை பில்ட் செய்துவிடலாம். வட்டம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் யாருக்கும் தடையில்லை. ஆர்க்கைவ் காலியாக இருக்கும்போதுதான் அது சுவராகிறது. புதிய ஆர்க்கிடெக்சருக்கு (ப்ராசசர் வகைக்கு) டெபியனைக் கொண்டுபோகும்போது அப்படித்தான் இருக்கும். லைப்ரரிகளின் பைனரி இடைமுகம் (மற்ற நிரல்கள் அவற்றோடு இணையும் விதம்) மொத்தமாக மாறும்போதும், பைதான் மாதிரி ஒரு மொழி அடுத்த பதிப்புக்குத் தாவும்போதும், பழையது இருந்தும் இல்லாத மாதிரிதான். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்த நிலைமையில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் ஒரே நேரத்தில் சிக்கிக்கொள்கின்றன.

நான் போர்ட்டிங் பக்கம், அதாவது புதிய ஆர்க்கிடெக்சர்களுக்கு டெபியனைக் கொண்டுபோகும் பக்கம், வேலை செய்பவன். எங்களுக்கு இந்தச் சுவர்தான் அன்றாடம். பில்ட் நிலவரப் பக்கத்தைத் திறந்தால் பேக்கேஜ் பெயருக்கு எதிரே பிடி-அன்இன்ஸ்டாலபிள் என்று நிற்கும். பில்ட் தொடங்கவே இல்லை, தேவையானதை இன்ஸ்டால் செய்ய முடியவில்லை என்று அர்த்தம். காரணத்தைத் துருவினால், எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக் இல்லை என்று வரும். அது ஏன் இல்லை என்றால் ஃப்ரீடைப் இல்லை. ஃப்ரீடைப் ஏன் இல்லை என்று போனால் இன்னும் இரண்டு, மூன்று பெயர்கள் தாண்டி, எந்தப் பேக்கேஜில் தொடங்கினோமோ அங்கேயே வந்து நிற்போம். அதற்கு மேல் பதில் எந்த லாகிலும் கிடைக்காது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைக் கழற்றலாம் என்று தெரிந்தவர் அந்தந்தப் பேக்கேஜைப் பராமரிப்பவர் மட்டும்தான்.

ஒரு வட்டத்தைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். ஃப்ரீடைப் எழுத்துருக்களைத் திரையில் வரைகிற லைப்ரரி. எழுத்துகளை எந்த வரிசையில், எந்த வடிவத்தில் அடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஹார்ஃப்பஸ். நீங்கள் ‘கொ’ என்று அடித்தால் க-வுக்கு முன்னால் ஒற்றைக் கொம்பையும் பின்னால் காலையும் கொண்டுபோய் நிறுத்துவது அதன் வேலை. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பேங்கோ, லிப்ரெஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாமே தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்ட ஹார்ஃப்பஸ்ஸைத்தான் நம்பியிருக்கின்றன. ஹார்ஃப்பஸ் எழுத்துருவைப் படிக்க ஃப்ரீடைப்பைப் பயன்படுத்திக்கொள்ளும். எழுத்து வடிவங்களைத் திரைக்கு ஏற்பச் சீராக்கும் ஃப்ரீடைப்பின் ஆட்டோஹின்டரோ, எந்தெந்த வடிவங்கள் எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தவை என்று முழுமையாகத் தெரிந்துகொள்ள ஹார்ஃப்பஸ்ஸைக் கேட்கும். இரண்டையும் முழு வசதியோடு பில்ட் செய்ய வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

தீர்வு பழைய தீர்வுதான். ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃப்ரீடைப்பை ஒரு முறை பில்ட் செய், அதை வைத்து ஹார்ஃப்பஸ்ஸை பில்ட் செய், பிறகு ஃப்ரீடைப்பை முழுதாக மறுபடி பில்ட் செய். ஜென்டூ என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் பயனர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொருவரும் தம் கணினியிலேயே பில்ட் செய்வதால் வட்டம் நேராகப் பயனரின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஆனால் ஜென்டூவின் பேக்கேஜ் கருவியான போர்ட்டேஜ் வட்டத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஃப்ரீடைப்பில் ஹார்ஃப்பஸ் என்ற யூஸ் ஃப்ளாக்கை (வசதியைச் சேர்க்கவோ விடவோ உதவும் சுவிட்சை) அணைத்துப் பாருங்கள், வட்டம் உடையலாம் என்று சேர்த்தே சொல்லும். எந்தச் சார்பு விருப்பத்துக்குரியது என்பது பேக்கேஜின் விவரத்திலேயே எழுதியிருப்பதால்தான் அந்தக் கருவியால் அப்படி வழி சொல்ல முடிகிறது. ஃப்ரீடைப் ப்ராஜெக்ட்டும் தன் பங்குக்கு, பில்ட் நேரத்தில் ஹார்ஃப்பஸ்ஸைக் கேட்காமல், இயங்கும் நேரத்தில் இருந்தால் ஏற்றிக்கொள்ளும் வழியை அண்மையில் சேர்த்திருக்கிறது. வட்டத்தை வேரிலேயே அறுத்துவிடும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொன்று, 2024 மார்ச்சில் வந்த ஜிலிப் 2.80. க்னோம் டெஸ்க்டாப் உலகத்தின் அடித்தள லைப்ரரி இது. சி-யில் எழுதிய லைப்ரரிகளைப் பைதான், ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி மொழிகளிலிருந்து கூப்பிட உதவும் விவரக் கோப்புகளை ஜிஆப்ஜெக்ட்-இன்ட்ரோஸ்பெக்ஷன் என்ற தனி ப்ராஜெக்ட்டின் ஸ்கேனர் உருவாக்கும். அதுவரை ஜிலிப்புக்கான விவரக் கோப்புகளையும் அந்தத் தனி ப்ராஜெக்ட்டே தயாரித்துத் தந்தது. 2.80-இல் அந்த வேலை ஜிலிப்புக்குள்ளேயே வந்துவிட்டது, ஸ்கேனர் மட்டும் வெளியே நின்றுவிட்டது. ஜிலிப்புக்கு ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனரை பில்ட் செய்ய ஜிலிப் வேண்டும். டெஸ்க்டாப் முழுவதற்கும் அடியில் இருக்கும் ஒரு லைப்ரரியில் ஒரே நாளில் ஒரு புதிய வட்டம்.

இந்த வட்டத்தைக் கையாண்ட விதத்தைத்தான் நான் முன்மாதிரியாகச் சொல்ல விரும்புகிறேன். இன்ட்ரோஸ்பெக்ஷனை அணைத்து ஜிலிப், பிறகு ஸ்கேனர், பிறகு இன்ட்ரோஸ்பெக்ஷனோடு மறுபடி ஜிலிப் என்ற வரிசையை அதை எழுதியவர்களே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். டெபியன் பக்கத்தில் நோகிர் என்ற ப்ரொஃபைல் இதற்குப் பயன்படுகிறது. அந்த ப்ரொஃபைலோடு பில்ட் செய்தால் இன்ட்ரோஸ்பெக்ஷன் சம்பந்தப்பட்ட சார்புகளும் அதற்கான பைனரி பேக்கேஜ்களும் விலகிக்கொள்ளும். ஜிலிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத போர்ட்டர்கூட அங்கே தைரியமாக வெட்டலாம். இன்னும் சொன்னால், மனிதர் யாரும் பார்க்காமல் ஒரு ஸ்கிரிப்ட்டே வெட்டிக்கொண்டு போகலாம்.

லினக்ஸின் அடிப்படைக் கருவிகள் அடங்கிய யூட்டில்-லினக்ஸும் கணினியைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியும் ஒன்றையொன்று கேட்பது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. மவுண்ட் செய்வதற்கும் டிஸ்க்கை அடையாளம் காண்பதற்குமான லைப்ரரிகள் யூட்டில்-லினக்ஸிலிருந்து சிஸ்டம்டிக்குப் போகின்றன, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் லைப்ரரி அங்கிருந்து இங்கே வருகிறது. ஜிசிசி கம்பைலருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சிக்கும் நடுவில் இருப்பது எல்லாவற்றிலும் பழைய வட்டம். சி லைப்ரரி இல்லாத அரைகுறை கம்பைலர், கர்னல் ஹெடர்கள், அதை வைத்து ஜிலிப்சி, அதற்குப் பிறகு முழுக் கம்பைலர் என்று எல்லோரும் அறிந்த பாதை அதற்கு இருக்கிறது. இவற்றைப் பற்றி எனக்குக் கவலை குறைவு, ஏனென்றால் இவற்றைப் பராமரிப்பவர்கள் வட்டம் இருப்பதைத் தெரிந்தவர்கள். எனக்குக் கவலை தருவது, தாங்கள் ஒரு வட்டத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் இருக்கும் நடுத்தரப் பேக்கேஜ்கள்தான்.

‘எல்லாவற்றையும் கருவியே கண்டுபிடித்துக்கொள்ளட்டுமே’ என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. கருவி இருக்கத்தான் செய்கிறது. 2012-இல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் தொடங்கிய பாட்ச் என்ற கருவித் தொகுப்பு இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. டெபியனின் சார்புகளையெல்லாம் ஒரு பெரிய வரைபடமாக்கி, எங்கே கிளம்பினாலும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடக்கூடிய முடிச்சுகளை அது பிரித்துக் காட்டும். இதில் இரண்டு சிக்கல்கள். மிகக் குறைந்த கோடுகளை அறுத்து எல்லா வட்டங்களையும் உடைப்பது எப்படி என்ற கேள்வி, ரிச்சர்ட் கார்ப் 1972-இல் பட்டியலிட்ட 21 கடினமான கணக்குகளில் ஒன்று. பெரிய வரைபடத்தில் அதற்குத் துல்லியமான விடை எளிதில் கிடைக்காது, தோராயமாகத்தான் போக வேண்டும். அதையாவது நல்ல உத்திகளை வைத்துச் சமாளித்துவிடலாம். அடுத்த சிக்கலுக்கு எந்த உத்தியும் உதவாது. அறுக்கத் தகுந்த கோடு எது என்று வரைபடத்தில் எழுதியிருக்காது. டாக்சிஜன் என்ற பெயரைப் பார்த்தால் ஆவணம் தயாரிக்கத்தானே, விட்டுவிடலாம் என்று ஊகிக்கலாம். ஆனால் சில பேக்கேஜ்கள் டாக்சிஜன் தரும் எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்து நிரலையே உருவாக்குகின்றன. அங்கே அதை விட்டால் பில்ட் உடைந்துபோகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அறுத்தால் எதை இழப்போம் என்பதை நீங்கள் எழுதினால்தான் கருவிக்கும் தெரியும்.

2024-இன் முதல் மாதங்களை நினைத்துப் பாருங்கள். 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு தீர்ந்துவிடுகிறது என்பதால், 32 பிட் ஆர்ம் ஆர்க்கிடெக்சர்களில் நேரத்தை 64 பிட்டாக மாற்றும் வேலையை டெபியன் கையில் எடுத்தது. பாதிக்கப்பட்ட லைப்ரரிகள் ஒவ்வொன்றும் பெயருக்குப் பின்னால் டி64 என்ற வாலோடு புதிதாக வந்தன. 64 பிட் ஆர்க்கிடெக்சர்களில் உள்ளே எதுவும் மாறவில்லை என்பதால், புதிய பேக்கேஜே பழைய பெயருக்கும் ஈடு கொடுத்தது. 32 பிட் ஆர்ம் வகைகளான ஆர்மெல், ஆர்ம்ஹெச்எஃப் இரண்டிலும் அது நடக்காது. அங்கே பழைய லைப்ரரியும் புதிய லைப்ரரியும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்க முடியாது. பில்ட் செய்யத் தேவையான பத்துப் பொருட்களில் ஐந்து புதிய பக்கம் வந்துவிட்டன, ஐந்து பழைய பக்கம் இருக்கின்றன என்றால் இரண்டையும் சேர்த்து இன்ஸ்டால் செய்ய வழியே இல்லை. அதுவரை யாருக்கும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்த வட்டங்களெல்லாம் ஒரே வாரத்தில் எழுந்துவிட்ட மாதிரி இருந்தது. நடைமுறையில் அந்த இரண்டு ஆர்க்கிடெக்சர்களையும் பாதி அடித்தளத்திலிருந்து மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. ப்ரொஃபைல் குறித்திருந்த பேக்கேஜ்கள் முன்னால் போயின. குறிக்காதவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, கையால் திருத்தி பில்ட் செய்தவர்கள் தன்னார்வலர்கள். அவர்களுடைய இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சரி, நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? நான் கேட்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு வரித் திருத்தம்தான்.

டெஸ்ட்டிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் வட்டங்களில் பல அங்கேதான் பிறக்கின்றன. பைதான் நிரல்களைச் சோதிக்கும் பைடெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது இயங்க ப்ளக்கி, இனிகான்ஃபிக், பேக்கேஜிங் ஆகிய மாட்யூல்கள் வேண்டும். அந்த மூன்றும் தங்களைச் சோதித்துக்கொள்ளப் பைடெஸ்ட் வேண்டும் என்கின்றன. உங்கள் பட்டியலில் பைடெஸ்ட் டெஸ்ட்டுக்கு மட்டும் என்றால், அந்தப் பெயருக்குப் பின்னால் கோண அடைப்புக்குறிக்குள் ஆச்சரியக்குறி போட்டு நோசெக் என்று எழுதிவிடுங்கள். நோசெக் ப்ரொஃபைலில் பில்ட் செய்யாதபோது மட்டும் இது தேவை என்று அதற்குப் பொருள். வழக்கமான பில்ட்டில் எந்த மாற்றமும் இல்லை, டெஸ்ட்டுகள் முன்போலவே ஓடும். பேக்கேஜ் பில்டை எளிதாக்கும் டெப்ஹெல்பரைப் பயன்படுத்தினால் நோசெக் கேட்கும்போது டெஸ்ட்டைத் தாண்டிப்போவதை அதுவே பார்த்துக்கொள்ளும். பில்ட் படிகளைச் சொல்லும் ரூல்ஸ் ஃபைலில் கையால் டெஸ்ட் ஓட்டுகிறவர்கள் மட்டும் அங்கே ஒரு நிபந்தனை போட வேண்டும். இதில் ஒரு வாக்குறுதியும் அடங்கியிருக்கிறது: நோசெக்கில் பில்ட் செய்த பைனரியும் சாதாரணமாக பில்ட் செய்ததும் உள்ளடக்கத்தில் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதனால்தான் போர்ட்டர்கள் தயங்காமல் முதலில் கை வைக்கும் இடம் இது.

ஆவணங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஜிஞ்சா2 என்ற பைதான் மாட்யூலின் ஆவணத்தை உருவாக்க ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவி வேண்டும், ஸ்பிங்ஸ் இயங்க ஜிஞ்சா2 வேண்டும். ஆவணம் தனி பேக்கேஜாக, எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் பொதுவானதாக இருந்தால், ஸ்பிங்ஸைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்து பில்ட்-டிபெண்ட்ஸ்-இன்டெப் பட்டியலில் போடுங்கள். எனக்குக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. புதிய ஆர்க்கிடெக்சரில் பில்ட் சர்வர்கள் அந்த ஆர்க்கிடெக்சருக்கு உரிய பகுதியை மட்டுமே பில்ட் செய்யும், பொதுவானவை ஏற்கெனவே ஆர்க்கைவில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைத் தொடவே மாட்டார்கள், வட்டம் தானாக மறைந்துவிடும். ப்ரொஃபைல்கூடத் தேவைப்படாது. மேன் பேஜ் மாதிரி, ஆவணம் மற்ற கோப்புகளோடு கலந்தே போகிறது என்றால் மட்டும் நோடாக் குறியைப் போடுங்கள்.

மொழி இணைப்புகளுக்கு நோபைதான், நோஜாவா போன்றவை இருக்கின்றன. உங்கள் பேக்கேஜுக்கே உரிய ஒரு விசேஷமான வசதியை அணைக்க வேண்டுமானால் பேக்கேஜ் பெயரோடு சொந்தமாக ஒரு ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளலாம். ஸ்டேஜ்1, ஸ்டேஜ்2 என்ற ப்ரொஃபைல்கள் இரண்டையும் கடைசிக் கருவியாக வைத்திருங்கள். அவற்றில் உருவாகும் பைனரி உள்ளுக்குள் மாறுபட்டிருக்கலாம் என்பதால், பிறகு மறுபடி பில்ட் செய்தே தீர வேண்டும். ஸ்டேஜ்1 என்ற பெயரே எதை அணைத்திருக்கிறார்கள் என்றும் சொல்வதில்லை.

கிராஸ் பில்டையும் மறந்துவிடாதீர்கள். ஏஎம்டி64 கணினியில் உட்கார்ந்து ரிஸ்க்-ஃபைவ் ஆர்க்கிடெக்சருக்கான பேக்கேஜை பில்ட் செய்தால், பில்ட் நேரத்தில் ஓடும் கருவிகளெல்லாம் ஏஎம்டி64 ஆர்க்கைவிலிருந்து வந்துவிடும். வட்டத்தில் பாதி அதோடு காலி. ஆனால் எது கருவி, எது லிங்க் செய்ய வேண்டிய லைப்ரரி என்று ஆர்க்கைவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மல்டி-ஆர்ச் புலத்தைச் சரியாக நிரப்புவதும், தேவையான இடத்தில் நேட்டிவ் என்று ஒட்டு சேர்ப்பதும் அதற்காகத்தான்.

‘யாரும் பில்ட் செய்யாத ப்ரொஃபைல் நாளடைவில் துருப்பிடித்துவிடும், துருப்பிடித்ததை நான் ஏன் சுமக்க வேண்டும்?’ என்ற எதிர்ப்பை நான் மதிக்கிறேன். சோதிக்காத நிரல் கெட்டுப்போகும் என்பது அனுபவம். ஆனால் இவற்றை யாரும் பில்ட் செய்வதில்லை என்பது இப்போது உண்மையில்லை. ரீபூட்ஸ்ட்ராப் என்ற ஸ்கிரிப்ட், ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து கம்பைலர் தொடங்கி அடித்தளப் பேக்கேஜ்கள் வரை பல ஆர்க்கிடெக்சர்களுக்கு ப்ரொஃபைல்களோடு பில்ட் செய்து பார்க்கிறது. டெபியனின் ஜென்கின்ஸ் சர்வரில் அது ஓடிக்கொண்டிருந்தது. கிராஸ் பில்ட் தோற்பவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கவும் தனியாக ஏற்பாடு இருக்கிறது. உடைந்தால் பக் வரும், பெரும்பாலும் பேட்ச்சோடு வரும். எல்லாப் பேக்கேஜுக்கும் இது தேவை என்று நான் கேட்கவும் இல்லை. 2025 ஆகஸ்ட் 9-இல் வெளியான டெபியன் 13-இல் 69,830 பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மரத்தின் இலைகள், வேறு எதையும் பில்ட் செய்ய அவை வேண்டியதில்லை. விளையாட்டையோ பாட்டு ப்ளேயரையோ பராமரிப்பவர் இந்த மடலை மறந்துவிடலாம். பிறருக்கு லைப்ரரி தருகிறவர்கள், பில்ட் கருவி தருகிறவர்கள், டெஸ்ட் கருவி தருகிறவர்கள், ஆவணக் கருவி தருகிறவர்கள், இந்த நால்வரிடம்தான் என் வேண்டுகோள்.

கன்ட்ரோல் ஃபைல் படிக்க அசிங்கமாகிவிடும் என்ற வருத்தத்தையும் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளும்தான். ஆனால் பைடெஸ்ட் டெஸ்ட்டுக்கு, ஸ்பிங்ஸ் ஆவணத்துக்கு என்று காரணம் கூடவே எழுதியிருந்தால், உங்களுக்குப் பிறகு அந்தப் பேக்கேஜை எடுக்கப்போகிறவர் எதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கமிட் வரலாற்றைத் தோண்ட வேண்டியிருக்காது.

பிற டிஸ்ட்ரோக்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. ஃபெடோராவில், பேக்கேஜை விவரிக்கும் ஸ்பெக் ஃபைலுக்குள்ளேயே பூட்ஸ்ட்ராப் என்ற சுவிட்ச் வைப்பார்கள். பைதானின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், அதைப் போட்டு டெஸ்ட் இல்லாமல் முதல் சுற்று, எடுத்துவிட்டு முழுச் சுற்று என்று பில்ட் செய்கிறார்கள். பைதான் உலகம் இன்னும் ஒரு படி மேலே போய், பேக்கேஜ்களை பில்ட் செய்வதற்கான பெப் 517 விதிமுறையிலேயே, பில்ட் தேவைகளில் வட்டம் இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. ஃப்ளிட்-கோர் என்ற பில்ட் கருவிக்கு டாம்ல் வடிவ அமைப்புக் கோப்பைப் படிக்க டாம்லி என்ற மாட்யூல் வேண்டும், டாம்லியை பில்ட் செய்ய ஃப்ளிட்-கோர் வேண்டும் என்றிருந்த சிக்கலை, ஃப்ளிட்-கோர் தனக்குள்ளேயே டாம்லியின் பிரதியை வைத்துக்கொண்டு தீர்த்தது. பிரதிகளை உள்ளே வைப்பதை டெபியன் பொதுவாக விரும்பாது, எனக்கும் பிடிக்காது. இருந்தாலும் பில்ட் கருவிகளின் அடிமட்டத்தில் அதுதான் சரி என்றே நினைக்கிறேன். 2022-இல் பைதான் 3.11 டாம்ல் படிக்கும் வசதியைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டதால் அந்தத் தேவையும் மெல்லக் குறைந்துவிட்டது.

தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளும் மொழிகளின் கதை வேறு. ரஸ்ட்டின் ஒரு பதிப்பை பில்ட் செய்ய அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும், ஜாவாவின் ஓபன்ஜேடிகேவும் அப்படித்தான். அங்கே எந்தக் கோட்டை அறுத்தாலும் முதல் கம்பைலர் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். 2021-இல் பைதானின் கிரிப்டோகிராஃபி மாட்யூல் ரஸ்ட்டைக் கேட்கத் தொடங்கியதும், ரஸ்ட் எட்டாத பழைய ஆர்க்கிடெக்சர்கள் அந்த மாட்யூலின் புதிய பதிப்புகளை இழந்தன. குயிக்ஸ் என்ற டிஸ்ட்ரோ திட்டம் 2023-இல் 357 பைட் அளவுள்ள சிறு பைனரி விதையிலிருந்து படிப்படியாக ஜிசிசி வரை ஏறிக் காட்டியது, இந்தத் துறையில் நான் பார்த்தவற்றிலேயே பெரிய சாதனை அது. அதெல்லாம் நீண்ட கால வேலை. டெஸ்ட், ஆவணம் காரணமாக வரும் வட்டங்களை இன்றே அகற்ற முடியும் என்பதால்தான் இதற்குப் போய் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

64 பிட் ரிஸ்க்-ஃபைவ் 2023 ஜூலையில் டெபியனின் அதிகாரபூர்வ ஆர்க்கிடெக்சர் ஆனது, டெபியன் 13 அதன் முதல் வெளியீடு. பல ஆண்டுகள் அதிகாரபூர்வமல்லாத போர்ட்ஸ் பக்கத்தில் காத்திருந்து வந்தது அது. அடுத்த ஆர்க்கிடெக்சரும் வரத்தான் போகிறது. அடுத்த பைனரி இடைமுக மாற்றமும் வரும். யாரிடமும் தனியாக அனுமதி வாங்காமல், விலை குறைந்த புதிய போர்டு ஒன்றை வாங்கியவர் அதில் முழு டெபியனை மூலநிரலிலிருந்து எழுப்பிக்கொள்ள முடிய வேண்டும் என்பது எனக்குக் கட்டற்ற மென்பொருளின் அடிப்படை உரிமை. நிரலின் மூலம் கையில் இருந்தும், அதை பில்ட் செய்ய அதே நிரலின் பைனரி வேண்டும் என்றால், அந்த உரிமையில் பாதி காகிதத்தில்தான் இருக்கிறது.

பேட்ச் வந்து சேர்ந்திருக்கும் பராமரிப்பாளர்களுக்குக் கூடுதலாக ஒரு வேண்டுகோள். ப்ரொஃபைல் பேட்ச் பெரும்பாலும் விஷ்லிஸ்ட் வகையில் வரும், அவசரம் என்று யாரும் குறித்திருக்க மாட்டார்கள். ஏற்க முடியாது என்றாலும் ஒரு வரி பதில் எழுதிவிடுங்கள். ‘இந்தச் சார்பை விட முடியாது, இதை வைத்துத்தான் நிரலையே உருவாக்குகிறோம்’ என்று நீங்கள் சொன்னாலே, போர்ட்டர் அந்தக் கண்ணியை விட்டுவிட்டு வட்டத்தின் வேறு பக்கத்தில் வெட்டப் போய்விடுவார். எங்களைப் பொறுத்தவரை மறுப்புகூட உதவிதான்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு வழி இதுதான். உங்கள் பேக்கேஜை வழக்கம்போல் ஒரு முறை பில்ட் செய்யுங்கள். பிறகு டெஸ்ட்டுக்கான பெயர்களில் நோசெக்கையும் ஆவணத்துக்கான பெயர்களில் நோடாக்கையும் குறித்து, எஸ்பில்ட் கருவி தரும் சுத்தமான சூழலில் அந்த இரண்டு ப்ரொஃபைல்களோடும் மறுபடி பில்ட் செய்யுங்கள். இரண்டு முறையும் வந்த டெப் கோப்புகளை டிஃபோஸ்கோப் என்ற கருவியில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆவணக் கோப்புகளைத் தவிர வேறு வித்தியாசம் ஏதும் தெரியாவிட்டால் தயங்காமல் அடுத்த அப்லோடில் சேர்த்துவிடலாம். வித்தியாசம் தெரிந்து, காரணம் பிடிபடவில்லை என்றால், அந்த ஒப்பீட்டோடு கிராஸ் பில்ட் குழுவின் மடலாடற் குழுவுக்கு எழுதுங்கள். அதைப் படித்துப் பார்க்கவும், தேவைப்பட்டால் பேட்ச் எழுதித் தரவும் நான் உட்பட அங்கே ஆட்கள் இருக்கிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
போர்ட்டிங் வேலையில் இருக்கும் ஒரு தன்னார்வலன்